மாதாமாதம் வந்த ஜின்

பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்து குர்ஆனை மனனம் செய்தவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இப்போது முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சீனி வருத்தம். கண்ணாடி போட்டும் எழுத்து கலங்குகிறது என்று போன பெருநாளைக்குப் போனில் புலம்பியவளும் உங்களில் ஒருத்திதான். கலியாண வீடுகளில் சந்திக்கும்போதெல்லாம், "உங்கட உம்மாக்கு ஜின் புடிச்ச கத தெரியுமா?" என்று என் பிள்ளைகளிடம் தொடங்கிவிடுகிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டு, எல்லோரும் கூடித் தின்னும் சஹனில் என் பக்கத்துச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பேன். ஆனால் நீங்கள் பார்த்தது வெளிப்பக்கம். உள்ளே நான் எப்படிப் பயந்து செத்தேன் என்பதை உங்களுக்குச் சொன்னதே இல்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அது வருசக் கடைசி மழை. பதுளைக் கடைவீதியில் ஹாஜியாரின் பலசரக்குக் கடை, அதற்கு மேல்மாடியில் நம் வகுப்பும் படுக்கையும். படியேறும்போதே கருவாடும் மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை கூடவே ஏறி வரும். ஹாலின் நடுவில் கயிறு கட்டிப் பச்சைப் படுக்கை விரிப்பொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் குர்ஆனை முழுவதும் மனனம் செய்த பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் எங்கே இருந்தாள்? ஆகவே திரைக்கு அந்தப் பக்கம் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத், இந்தப் பக்கம் நாம். அவர் ஏறுவது வீதிப் பக்கத்துப் படி, நாம் ஏறுவது கொல்லைப் பக்கத்துப் படி. அவர் முகத்தை நம்மில் யாரும் பார்த்ததில்லை. அவருடைய இருமல் தெரியும், இஞ்சி போட்ட பிளேன்டியை அவர் உறிஞ்சும் சத்தம் தெரியும். அவருக்கும் நம் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். ஊர் பெயரால் கூப்பிடுவார். பண்டாரவளை மகள், மொனராகலை மகள், மடுல்சீமை மகள் என்று. மடுல்சீமை மகள் நான்.

மடுல்சீமையில் தோட்டத்துச் சந்தியில் வாப்பா ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு தேயிலைக்குள் ஓடித் திரிந்த எனக்கு, நாள் முழுக்கப் பாயில் உட்கார்ந்து ஆடி ஆடி ஓதுவது முதலில் சிறைதான். பிறகு எப்படியோ அது பிடித்துவிட்டது. நேற்றுவரை என்னிடம் இல்லாத ஒரு பக்கம் இன்றைக்குக் கண்ணை மூடினால் வாயிலிருந்து வருகிறது என்பது எவ்வளவு பெரிய சந்தோசம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாழ்க்கையில் எனக்கென்று சொந்தமாகக் கிடைத்த முதல் சொத்து அது. உம்மாவின் நகைப் பெட்டியைப் போல யாரும் அதைப் பூட்டி வைக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அது ஒழுகும் சொத்து. காலையில் புதிய பாடம் கொடுக்க வேண்டும். பகலில் பழைய பாடத்தை ஜோடிக்காரியிடம் ஓதிக் காட்டி, பிறகு ஹஸ்ரத்திடம் ஓத வேண்டும். ஏழு நாள், ஒரு கிழமை விட்டால் விளிம்பு கரையும், இரண்டு மாதம் விட்டால் நடுப்பகுதியே காணாமல் போகும். மறந்தவருக்கு மறுமையில் என்ன நடக்கும் என்பதைப் பெரியவர்கள் நமக்கு நன்றாகவே சொல்லி வைத்திருந்தார்கள். ஊக்கம் கொடுப்பதாக அவர்களுக்கு நினைப்பு. அந்தப் பேச்சைக் கேட்ட இரவுகளில் நான் போர்வைக்குள் பழைய பாடத்தையே ஓதிக்கொண்டு கிடப்பேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வகுப்பைத் தொடங்கும்போதே பள்ளிவாசல்காரர்கள் ஒரு பேச்சுப் பேசி முடித்திருந்தார்கள். பிள்ளை பெரிய பிள்ளை ஆகும்வரை ஓதலாம், ஆகிவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். திரை இருந்தாலும் குமருப் பிள்ளை அந்நிய ஆணிடம் ஓதுவது சரியில்லை என்பது அவர்கள் கணக்கு. யாரும் நம்மிடம் இதை நேரில் சொல்லவில்லை. ஆனால் கொஸ்லந்தைக்காரி போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்தானே. காலையில் நம்மோடு கஞ்சி குடித்தவளின் தகரப் பெட்டி பகலுக்குள் கொல்லைப் படியில் இறங்கிவிட்டது. ஒரு ஸலாம்கூடச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அவள் பெருநாள் உடுப்பு எடுக்கப் பதுளைக்கு வந்தபோது நம்மைப் பார்க்க மேலே வந்தாள். என் ஜோடிக்காரி, அதுதான் நம் பண்டாரவளை வாயாடி, ஒரு ஸூராவின் தொடக்கத்தைச் சொல்லி, "எங்க, நான் விட்ட எடத்துலருந்து ஓது பாப்பம்" என்றாள். கொஸ்லந்தைக்காரி நம் எல்லோரையும்விடக் கூடுதலாக மனனம் செய்திருந்தவள். ஓதத் தொடங்கினாள். நாலு வசனம் ஓதி, நாலாவது ஆயத்தில் நின்றாள். திரும்பத் தொடங்கினாள், அதே இடத்தில் திரும்ப நின்றாள். பிறகு தலையில் போட்டிருந்த சல்லாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஒரு கிழமைக்குக் காதுக்குள்ளேயே இருந்தது.

என் வீட்டிலும் எனக்கு ஓர் உதாரணம் இருந்தது, எனக்கு மூத்தவள், என் ராத்தா. பெரிய பிள்ளை ஆன வருசத்தோடு அவள் பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு கடைக்குப் பின்னால் உள்ள அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பிள்ளை ஆனால் இதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வாப்பா அவளை நிறுத்தியது கலவரம் நடந்து ரோட்டில் டயர் எரிந்த காலம் என்பதும், பஸ்ஸில் போன பிள்ளைகள் வீடு வந்து சேரும்வரை வீட்டுப் பெரியவர்களுக்குச் சோறு இறங்காத காலம் என்பதும் எனக்குக் கலியாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது. அமைதி வந்த பிறகு அவளைத் திரும்ப அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அது வேறு கதை, அதற்கு இன்றைக்கும் எனக்குக் கோபம் இருக்கிறது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வயதுக்கு ஏற்ற உடம்பு இல்லை, சுள்ளி மாதிரி இருப்பேன். ஒரு காலை ஸுபஹுத் தொழுகைக்கு எழுந்தபோது எனக்கு விசயம் தெரிந்துவிட்டது. ராத்தாவைப் பார்த்திருந்ததால் என்னவென்று விளங்கியது. விளங்கியதுதான் பயம். உள்பாவாடை ஒன்றைக் கிழித்துக்கொண்டேன். பல் அடித்தது, குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் பகலுக்குள் என் பெட்டியும் இறங்கும். சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் குர்ஆனைத் தொட வேண்டும், வாயால் ஓத வேண்டும். அந்த நாட்களில் இரண்டும் கூடாது என்பது நமக்கு அலிஃப் பே படிக்கும்போதே தெரியும். பெட்டி இறங்கக் கூடாது, பாவமும் செய்யக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஒரே வழி. வாயை மூடிக்கொள்வது.

முதல் தடவை தொண்டை வலி என்று கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டேன். ஹஸ்ரத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "மடுல்சீமை மகளுக்கு இஞ்சித் தண்ணி குடுங்க மாமி" என்றார். மாமி என்றால் ஹாஜியாரின் பெண்சாதி, ஊருக்கே மாமி. நமக்குச் சோறும் ஏச்சும் ஒரே அகப்பையில் பரிமாறியவர். தொழுகை நேரத்தில் கைகால் கழுவி வுழு எடுக்கப் போவதுபோல் போய்த் தொட்டியடியில் நின்றுகொண்டேன். துவைத்த துணியைக் கொல்லையில் விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் காயப்போட்டேன். பகலெல்லாம் யாராவது விறகு எடுக்கப் போகிறார்களா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. கடைசியில் ஒரு விடியலில் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு குளித்து, சரியாகக் குளித்தேனா என்ற பயத்தோடு வந்து உட்கார்ந்து ஓதினேன். வந்தது. ஓரத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் வந்தது.

இரண்டாம் தடவை தொண்டை வலி எடுபடவில்லை.

"மடுல்சீமை மகள், ஓதுங்க."

நான் பேசவில்லை.

"மறந்துட்டா?"

இல்லை என்று சொன்னால் ஓதச் சொல்வார். ஆம் என்றால் பொய். பாயின் கோரையை நகத்தால் கிழித்துக்கொண்டு இருந்தேன்.

"சரி மகள், பரவாயில்ல. நாளைக்கிப் பாப்பம்."

நாளைக்கும் அதேதான். அவர் அடித்திருந்தால், ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் செய்யவில்லை. என் பாட நேரம் முடியும்வரை காத்திருப்பார், பிறகு ஒரு பெருமூச்சு விட்டு அடுத்தவளைக் கூப்பிடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்கும்போது திரையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருக்கும்.

மாமி பாதாம் பருப்பை ஊறவைத்துக் கொடுத்தார். "நல்லாச் சப்பித் தின்னு புள்ள, மறதிக்கி இதவிட மருந்தில்ல" என்று பக்கத்தில் நின்று பார்த்தார். முந்திரிகை வத்தல், தேன், கருஞ்சீரகம் எல்லாம் என் வயிற்றுக்குள் போயின. கிழமை முடிந்து நான் குளித்துவிட்டு வந்து மளமளவென்று ஓதியதும் மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. பாதாம் பருப்பு வாழ்க.

மூன்றாம் தடவை வந்தபோதுதான் வீடு கலங்கியது. குர்ஆன் ரைஹால் பலகையில் திறந்தபடி இருந்தது. விரலால் தொடக் கூடாது என்பதற்காக விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து அதன் நுனியால் பக்கத்தைப் புரட்டினேன். என் ஜோடிக்காரி பார்த்துவிட்டாள்.

"ஏன்டி ஈர்க்கால பொரட்டுற?"

"கையில புண்."

"எங்க காட்டு."

நான் கையைச் சல்லாவுக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பகலுக்குள் அது மாமியின் காதில் இருந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை வாயாடி, உனக்கும் பயம்தானே. மாமி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். பிள்ளை குர்ஆனைத் தொடுகிறாள் இல்லை. ஓதச் சொன்னால் வாய் திறக்கிறாள் இல்லை. தொழுகை நேரத்தில் தொட்டியடியில் ஒளிகிறாள். ஒரு கிழமை இப்படி இருக்கிறாள், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓதுகிறாள்.

"மாசாமாசம் வருது, ஒரு கெழம நிக்குது, போகுது" என்றார் மாமி நம் எல்லோர் முன்னாலும். "இது மறதி இல்ல. இது ஜின்னுட வேல."

தன் வாயாலேயே சொல்லிவிட்டு விளங்காமல் நின்ற அந்த மாமியை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அவருக்கு ஐந்தும் ஆண்பிள்ளைகள், நான் வேறு சுள்ளி. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அல்லாஹ்வுக்குப் பயந்து நான் செய்த ஒவ்வொன்றும் ஷைத்தானின் அடையாளமாகிவிட்டது. நீங்கள் உங்கள் பாய்களை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டீர்கள். மொனராகலைக்காரி என் கோப்பையில் தண்ணீர் குடிக்க மறுத்தாள்.

அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சும்மா இருக்கும்போது மனத்துக்குள் ஆயத்துகள் தானாக ஓடும், உங்களுக்கும் தெரியும். மனத்தால் ஓதுவதும் பாவமோ என்று பயந்து, ஓர் ஆயத்து தலைகாட்டினால் உடனே தொடையைக் கிள்ளி அதைத் துரத்துவேன். துரத்தத் துரத்த அவை வருவதைக் குறைத்துக்கொண்டன. ஒரு பகல் வேண்டுமென்றே ஒரு ஸூராவின் நடுப்பகுதியை நினைத்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி. ஒன்றும் வரவில்லை. கொஸ்லந்தைக்காரி சிரித்த சிரிப்பு மட்டும் வந்தது. உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்து என் குர்ஆனைத் தின்கிறது என்று அன்றைக்கு நான் உண்மையாகவே நம்பினேன்.

பள்ளிவாசல் லெப்பையிடம் சொல்லிப் பீங்கான் எழுதி வந்தார்கள். வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூக் கரைசலால் ஆயத்துகள் எழுதி, அதைத் தண்ணீரில் கழுவிக் குடிக்கக் கொடுப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம்தான். மாமி பன்னீர் ஊற்றிக் கழுவி, கோப்பையில் வார்த்து என் கையில் தந்தார். மஞ்சளாக இருந்தது. வாசனை நன்றாக இருந்தது.

"பிஸ்மி சொல்லி ஒரே மடக்குல குடிக்கணும்."

தொடவே கூடாத ஆயத்து என்னும்போது அதைக் கரைத்து வயிற்றுக்குள் ஊற்றலாமா? இன்றைக்கு மார்க்கம் படித்த ஓர் ஆலிமாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். அன்றைக்கு நான் யாரிடம் கேட்பேன்? அடுப்பில் பால் பொங்கி மாமி உள்ளே ஓடிய நேரத்தில் கோப்பையோடு கொல்லைக்கு இறங்கினேன். கால் படும் இடத்தில் ஊற்றினால் பாவம். யாரும் மிதிக்காத இடம் தேடி, மதிலோரத்துக் கறிவேப்பிலை மரத்தின் அடியில் மெதுவாக ஊற்றினேன். நிமிர்ந்தபோது குசினி ஜன்னலில் மாமியின் முகம்.

அவர் போட்ட கூச்சலில் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கே பஸ் கண்டக்டரிடம் மடுல்சீமைக்குச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்லி.

அடுத்த நாள் நடுப்பகல் லுஹருக்கு முன் வாப்பா வந்தார். பசறை ரோட்டில் மண் சரிந்து, பாதித் தூரம் நடந்து வந்திருக்கிறார். சாரன் ஓரமெல்லாம் சேறு என்று மாமி யாரிடமோ சொன்னது கேட்டது. அவரை வீதிப் பக்கமாக மேலே அழைத்துப்போய் ஹஸ்ரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு இருமல் கேட்டது, ஒன்று ஹஸ்ரத், மற்றது வாப்பா. என் உடுப்பெல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. நாம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலி.

"மகள், ஒரே ஒரு ஆயத்து" என்றார் ஹஸ்ரத். "விட்ட எடத்துலருந்து. வாப்பா கேக்கட்டும்."

மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும். வாப்பா, "ஓதுங்க மகள்" என்றார். அவர் குரலில் இருந்தது கெஞ்சல். வாப்பா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

பிறகு ஹஸ்ரத் வாப்பாவிடம் பேசினார். திரை என்ன சுவரா, எல்லாம் கேட்டது. "குத்தம் புள்ளைல இல்ல. ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல. என்ட நாக்குல பரக்கத் இல்ல போல. மூணு மாசமா யோசிக்கிறன். எங்கயோ நான் பிழை செஞ்சிரிக்கன், அதுதான் புள்ளைட நெஞ்சுல நிக்குதில்ல. நான் இந்த வகுப்ப விட்டுட்டுப் போறன். வேற ஒரு ஹஸ்ரத் வந்தா புள்ளைக்கி வரும்."

அவர் குரல் உடைந்ததை நீங்களும் கேட்டீர்கள். பெட்டி இறங்கட்டும், ராத்தாவோடு அரிசி புடைக்கிறேன், ஆனால் இந்த மனிதர் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டு போவதா?

"மறக்கல்ல ஹஸ்ரத்" என்றேன். எனக்கே அது என் குரலாகப் படவில்லை.

"மறக்கல்லயா? அப்ப ஓதுங்க மகள்."

"ஓத ஏலா."

"ஏன் ஏலா?"

நம் உம்மாமார் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு பேச்சு இருக்கிறது. அந்த நாட்களில் யாராவது தொழக் கூப்பிட்டால், சுற்றிவளைக்காமல் அதைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். ஆண்கள் காதுபட அதைச் சொன்ன பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. வாப்பா காதுபட, ஹஸ்ரத் காதுபட, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னேன்.

"எனக்குத் தொழுகை இல்ல ஹஸ்ரத்."

இந்தப் பக்கம் மாமியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. "அல்லாஹ்வே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "மாசாமாசம், மாசாமாசம் எண்டு நானே சொன்னேனே. இவ்வளவு மொக்கு பொம்புள ஒருத்தி இரிப்பாளா?"

வாப்பாதான் முதலில் பேசினார், மிகவும் மெதுவாக. "அப்ப ஹஸ்ரத், நான் புள்ளையக் கூட்டிட்டுத்தான் போகணும். பள்ளியில பேசின பேச்சு அதுதானே."

"அதுதான்" என்றார் ஹஸ்ரத். "அந்தப் பேச்சுல நானும் இருந்தன்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெட்டியைப் பார்த்தேன். அப்போது ஹஸ்ரத், "கொஞ்சம் இருங்க" என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். அஊது சொல்லி, பிஸ்மி சொல்லி, நான் விட்டிருந்த இடத்திலிருந்து ஓதத் தொடங்கினார்.

அவர் முழுப் பாடமாக ஓதி நாம் கேட்டதே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? நாம் ஓதுவோம், அவர் திருத்துவார், அவ்வளவுதான். அன்றைக்கு ஓதினார். அவசரமில்லாமல், ஒவ்வோர் ஆயத்தின் கடைசியிலும் நின்று, நான் எங்கே தடுமாறுவேனோ அந்த இடத்தை இரண்டு தரம் திருப்பி. கேட்பதில் பாவமில்லை. அது எனக்குத் தெரியும்தான், ஆனால் எனக்காக ஒருவர் ஓதலாம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நான் கிள்ளித் துரத்திய ஆயத்துகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அடுத்தது எது என்று அவர் ஓதும் முன்பே எனக்குத் தெரிந்தது. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு அழுதேன். மாமி வந்து என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் முந்தானையில் வெங்காய வாசனை.

ஓதி முடித்துவிட்டு ஹஸ்ரத், "கேட்டுட்டு இரிக்கிற புள்ளைக்கி மறக்காது" என்றார். "ஓத ஏலாத நாள்ல நான் ஓதுறன், புள்ள கேக்கட்டும். மாமி அந்தப் பக்கம் கூட இரிந்தாப் போதும். பள்ளியில நான் பேசிக்கிறன்."

"மாமி, நீங்க இரிப்பீங்களா?" என்று கேட்டார் வாப்பா.

"நான் இரிக்கன். எவன் வந்து கேக்கிறான் எண்டு பாப்பம்."

வாப்பா பெட்டியைக் கேட்காமல், பஸ் போய்விடும் என்று எழுந்தார். கீழே இறங்கிப் போனவர் கொஞ்ச நேரத்தில் பேப்பரில் சுற்றிய முட்டைகளோடு திரும்பி வந்து, "புள்ளைக்கிக் குடுங்க" என்று மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். வயதுக்கு வந்த பிள்ளைக்கு முட்டை கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதற்குப் பிறகு மௌத்தாகும்வரை அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் அந்த முட்டைகளைப் பற்றிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல்காரர்கள் ஹஸ்ரத்தைக் கூப்பிட்டு வைத்து நெடுநேரம் பேசினார்கள். என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய சம்பளமும் அவர் தங்கியிருந்த அறையும் அவர்கள் கையில் இருந்தன என்பதெல்லாம் அந்த வயதில் நமக்கு எங்கே தெரியும்? அன்று பின்நேரம் அஸருக்கு அவர் வகுப்புக்கு வர நேரம் ஆகியது. வந்தவர் பிளேன்டி வேண்டாம் என்றுவிட்டார்.

நான் அன்று காலைதான் குளித்திருந்தேன். மாமியே வெந்நீர் வைத்து, எப்படிக் குளிக்க வேண்டும் என்று கூட நின்று சொல்லிக்கொடுத்திருந்தார். பாயில் உட்கார்ந்து, கையால், விரலால், குர்ஆனைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டேன். வாய் திறக்கப் பயமாக இருந்தது. கேட்டபோது வந்தது, ஓதும்போது வராமல் போனால்?

"மடுல்சீமை மகள்."

தொடங்கினேன். வந்தது. பாதி வழியில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஆயத்துகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேறொரு ஸூராவுக்குள் போய்விட்டேன். நம் எல்லோருக்கும் நடக்கும் பிழைதான், வழக்கமாக ஹஸ்ரத் உடனே தரையில் தட்டுவார். அன்றைக்குத் தட்டவில்லை. கொஞ்ச தூரம் போய் எனக்கே விளங்கி, திரும்பி வந்து, சரியான இடத்தைப் பிடித்தேன். பிடித்ததும் குரல் நடுங்கி நின்றுவிட்டது.

"பயமா மகள்?" என்றார்.

"பயம் ஹஸ்ரத்."

திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருமினார்.

"எனக்கும் பயந்தான் மகள்" என்றார். "ஓதுங்க."